மிஸ்டர் கொலோடியின் சுத்தியல்

சுவரை யாரோ வெளியிலிருந்து இடித்தார்கள். மூன்று இடி, சின்ன இடைவெளி, மறுபடி மூன்று இடி. ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த தோட்டக் கத்தரிக்கோல் கழன்று கீழே விழுந்தது.

கராஜுக்குள் இருந்த மூன்று பேரும் அசையவில்லை. பேஸ் கிடார் வாசிக்கும் கில், அறுந்துபோன தந்தியை மாற்றுவதா, இல்லாமலே சமாளிப்பதா என்று கால் மணி நேரமாக யோசித்துக்கொண்டிருந்தான். டிரம் அடிக்கும் ரோசி காலை நீட்டி உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தாள். கிடாரும் பாட்டும் நார்பர்ட் பாவ்லக்கின் பொறுப்பு. அவன் புதுப் பாட்டின் இரண்டாவது வரிக்காக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தான். முதல் வரி 'வேண்டாம்'. இரண்டாவது வரியும் 'வேண்டாம்' என்றே இருந்தால் என்ன என்று அப்போதுதான் அவனுக்குத் தோன்றியிருந்தது.

"யாருடா அது?" என்றாள் ரோசி.

நார்பர்ட் ஜன்னல் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தான். கராஜின் பின்சுவர்தான் அந்த இடத்தில் இரண்டு வீட்டுக்கும் வேலி. சுவரை ஒட்டி அந்தப் பக்கம் போட்டிருந்த மடக்கு நாற்காலி காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்திருக்க வேண்டியவர் தொப்பியைக் கையில் பிடித்தபடி சுவரை முறைத்துக்கொண்டு நின்றார்.

"கொலோடி," என்றான் நார்பர்ட். "பக்கத்து வீட்டு மிஸ்டர் கொலோடி. போச்சு, எல்லாம் போச்சு."

"நாம இப்ப வாசிக்கவே இல்லையே," என்றான் கில்.

"முன்னாடி வாசிச்சதுக்கு இப்ப கோபம் வந்திருக்கும். வயசானவங்களுக்குக் கொஞ்சம் லேட்டாத்தான் ஏறும்," என்றாள் ரோசி, சாண்ட்விச்சின் மிச்சத்தை வாயில் போட்டுக்கொண்டு.

எல்லாம் போச்சு என்று நார்பர்ட் சொன்னது சும்மா இல்லை. அவர்களுடைய இசைக்குழுவின் பெயர் 'ஈர சிமென்ட்'. எழுபத்து நாலாம் வருடம், அமெரிக்காவில் க்ளீவ்லாண்ட் நகரை ஒட்டிய எங்கள் பார்மாவில், அந்த மாதிரி ஒரு சத்தத்தை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. ரோசியின் டிரம் என்பது ஒரு எண்ணெய் பீப்பாயும், நொறுங்கிப்போன லாரி ஒன்றின் முன்மூடியும். அவளுக்குத் தெரிந்தது ஒரே தாளம். அதை அவள் மெதுவாக, பலமாக, இரக்கமில்லாமல் அடிப்பாள். கில் ஒரு தந்தியை மட்டுமே தொடுவான். பாட்டு உச்சத்துக்குப் போகும்போது நார்பர்ட்டின் அம்மாவுடைய வாக்குவம் கிளீனரை மைக்குக்கு முன்னால் வைத்து ஓட்டிவிடுவான். நார்பர்ட் இதற்கெல்லாம் மேலே நின்று கத்துவான். சில வருடங்கள் கழித்து இந்த மாதிரி இசைக்கு ஒரு பெயர் வைத்து, கிழிந்த சட்டை போட்டு, உலகமே கொண்டாடியது. அப்போது அதற்கு எங்கள் ஊரில் இருந்த ஒரே பெயர் 'நிறுத்து'.

நிறுத்து என்று முதலில் சொன்னது உயர்நிலைப் பள்ளி. பிறகு பௌலிங் அரங்கம். பிறகு மாதா கோவில் வெள்ளிக்கிழமை மீன் விருந்து, அங்கே பாதிரியாரே மின்சாரத்தைப் பிடுங்கினார். இனி போக இடமில்லை என்றபோதுதான் நார்பர்ட்டின் அப்பா காசிமிர் கராஜைக் கொடுத்தார். நகரப் பேருந்து ஓட்டுபவர், கண்டிப்பான மனிதர். மகனுக்காகத் தன் ப்யூக் காரை வெளியே பனியில் நிறுத்தினார் என்றால் அது எவ்வளவு பெரிய காரியம் என்று எங்கள் ஊரில் ஒரு குளிர்காலம் கழித்தவர்களுக்குத் தெரியும். ஆனால் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்.

"அக்கம்பக்கத்துல இருந்து ஒரு புகார் வரக்கூடாது. வந்துச்சுன்னா கார் உள்ள வரும், நீங்க வெளிய போவீங்க."

நார்பர்ட்டுக்கு இருபத்து நாலு வயது. வாரம் முழுக்கக் கம்பளக் கடையில் நின்று, இந்த நிறம் அழுக்குத் தெரியாது மேடம் என்று சொல்லிக்கொண்டிருப்பவன். அவன் உயிரோடு இருப்பது ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் மட்டும்தான். கராஜ் போனால் குழு போய்விடும். ரோசியை அவளுடைய அக்கா புருஷன் கல்யாணங்களில் போல்கா நடனத்துக்கு வாசிக்கும் தன் குழுவுக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார், சிவப்பு மேல்கோட்டு கூடத் தைத்து வைத்துவிட்டார். கில் டொலீடோவில் இருக்கும் மாமாவிடம் போய்விடுவான். பிறகு நார்பர்ட்டுக்குக் கம்பளம்தான் மிச்சம்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அப்பா ஒன்றும் தெரியாதவர் மாதிரி கேட்டார். "கொலோடி ஏதோ சுவரைத் தட்டினாராமே?"

"ஆணி அடிச்சிருப்பாருப்பா."

"அந்த மனுஷன் ஆணி அடிச்சாலும் அதுல அர்த்தம் இருக்கும்." அப்பா முள்கரண்டியைக் கீழே வைத்தார். கொலோடியைப் பற்றிப் பேசும்போது அவர் சாப்பிடமாட்டார். "காருக்குக் கதவு அடிக்கிற ஆலை. இரும்புத் தகட்டை இடிச்சு வளைக்கிற ராட்சஸ பிரஸ்ஸு. அதுக்குப் பக்கத்துல முப்பத்தொரு வருஷம் நைட் ஷிப்டு. ஒரு நாள் லீவு போட்டதில்லை. காய்ச்சல்ல போயிருக்காரு, பனிப்புயல்ல நடந்தே போயிருக்காரு, தன் கல்யாணத்தன்னைக்கு ராத்திரியும் போயிருக்காரு. ரிட்டயர் ஆனப்ப கம்பெனியே கூப்பிட்டு ஒரு கடிகாரம் கொடுத்துச்சு. பகல்ல வீட்டுக்கு வந்தா கூரை வேலை, தோட்டம், பெயிண்டு. அவர் எப்பதான் தூங்குவாரோ, எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியலை. நீ கட்டிலை விட்டு எறங்குறதே பத்து மணிக்கு."

"ஞாயித்துக்கிழமைதானேப்பா."

"அவருக்கும் ஞாயித்துக்கிழமை வரும்," என்றார் அப்பா.

அப்பா சொன்னது உண்மைதான். மே மாதம் ஓய்வு பெற்ற பிறகும் கொலோடி ஓயவில்லை. விடியும் முன்பே புதர் வெட்டினார். தபால் பெட்டிக்கு மூன்று முறை பெயிண்ட் அடித்தார். முன்பக்கத் தோட்டத்தில் இருந்த பிளாஸ்டிக் நாரைகளைக்கூட விடவில்லை, அவை எங்கள் தெருவிலேயே மிக இளஞ்சிவப்பாக மின்னின. கண் மட்டும் சிவந்து, கன்னம் ஒட்டி, ஆளைப் பார்க்கவே பயமாக இருக்கும். வாய் திறந்து பேசுவது அபூர்வம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து அந்தச் சுவருக்குப் பக்கத்தில் போட்டு, தொப்பியை முகத்தில் இறக்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார். அவர் தங்கள்மீது சாட்சி சேகரிக்கிறார் என்பது கில்லின் கட்சி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் நார்பர்ட் ஒரு வழி கண்டுபிடித்தான். கடையில் வெட்டு மீதியாக மூலையில் கிடந்த கம்பளத் துண்டுகளையெல்லாம் வண்டியில் போட்டுக் கொண்டுவந்தான். ஆரஞ்சு நிறம், புசுபுசுவென்று விரல் மூழ்கும். மூன்று பேரும் சேர்ந்து சுவர், கூரை, கதவு எல்லா இடத்திலும் ஒட்டினார்கள். வேலை முடிந்ததும் உள்ளே நின்று பார்த்தால் ஏதோ பெரிய நாயின் வயிற்றுக்குள் இருப்பது போல இருந்தது.

"இப்ப கத்திப் பாரு," என்றாள் ரோசி.

நார்பர்ட் கத்தினான். அவன் குரல் வாயை விட்டு இறங்கி அவன் காலடியிலேயே படுத்துக்கொண்டது.

"பிரமாதம்," என்றான். "வெளிய ஒரு எறும்புக்குக்கூட கேக்காது."

முதல் பாட்டைத் தொடங்கினார்கள். பாதிப் பாட்டுகூட ஆகவில்லை, சுவர் இடிபட்டது. போன வாரம் மூன்று மூன்றாக இடி, இந்த வாரம் ஆறு ஆறாக. கூரையிலிருந்து ஒரு கம்பளத் துண்டு கழன்று கில்லின் தலையில் விழுந்தது. அவன் அதை எடுக்கவில்லை. "இதுக்கு அர்த்தம் இன்னும் கேக்குதுன்னுதான்," என்று அதற்குள்ளிருந்தே சொன்னான்.

"எப்படிடா கேக்கும்? எனக்கே கேக்கலை."

"சில பேருக்குக் காது அப்படி. நாயி மாதிரி."

அதற்கு அடுத்த வாரம் ரோசி பீப்பாய்க்குள் தலையணைகளைத் திணித்தாள். இரண்டு குச்சிகளுக்கும் அவளுடைய அப்பாவின் வெள்ளைக் காலுறைகளை மாட்டினாள். ஒலிபெருக்கிமேல் போர்வை போர்த்தினார்கள். வாக்குவம் கிளீனரை அம்மாவிடமே திருப்பிக் கொடுத்தார்கள். அம்மா அதைக் கட்டிக்கொள்ளாத குறை. நார்பர்ட் கத்துவதை விட்டுவிட்டுப் பேசுகிற குரலில் 'வேண்டாம், வேண்டாம்' என்றான். யாரோ சாப்பாட்டுக்கு வற்புறுத்துவதை மறுக்கிற மாதிரி இருந்தது.

"இதைக் கேட்டு யாருக்குடா புரட்சி வரும்?" என்றாள் ரோசி. "நீதானே சொன்னே, இந்த ஊர்ல இரும்பு அடிக்கிற சத்தம்தான் நம்ம பாட்டு, தூங்குற ஊரைத் தட்டி எழுப்பணும்னு. இப்ப தாலாட்டு பாடுறே."

"முதல்ல கராஜைக் காப்பாத்துவோம். ஊரை அப்புறம் எழுப்பலாம்."

அவன் சொல்லி முடிக்கவும் அந்தப் பக்கம் 'டங்' என்றது. இந்த முறை கை இல்லை. கொலோடி சுத்தியலுக்கு வந்துவிட்டார்.

நார்பர்ட்டுக்கு அன்று தூக்கம் வரவில்லை. சத்தத்தைக் குறைக்கக் குறைக்க அந்த மனிதருக்குக் கோபம் ஏறுகிறது. இது என்ன நியாயம் என்று அவன் உத்தரத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டான். கடைசியில், இது சத்தத்தைப் பற்றிய விஷயமே இல்லை, மரியாதையைப் பற்றிய விஷயம் என்று முடிவு செய்தான். பெரியவர். நேரில் போய் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். வெறுங்கையோடு போகக்கூடாது.

எங்கள் தெருவில் சண்டை தீர்க்க ஒரு முறை உண்டு. பேக்கரியில் ஒரு முழுக் கசகசா ரோல் வாங்கி, அட்டைப் பெட்டியில் வைத்து, எதிராளி வீட்டு வாசலில் வைக்க வேண்டும். வேலித் தகராறு, நாய்த் தகராறு, ஒருவர் மற்றவர் தங்கையைக் கல்யாணம் செய்யாமல் விட்ட தகராறு, எல்லாமே அதில்தான் தீர்ந்திருக்கின்றன. வாங்கிச் சாப்பிட்டுவிட்டால் சமாதானம்.

பேக்கரியில் நார்பர்ட்டுக்கு முன்னால் வரிசையில் நின்றது யார் என்று பார்த்தால், மிஸஸ் கொலோடி. சின்ன உருவம், தலையில் பூப்போட்ட துணி. அவனைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. கடையில் வேறு யார் யார் இருக்கிறார்கள் என்று சுற்றிப் பார்த்துவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் தம்பி, இப்பெல்லாம் நீங்க ஞாயித்துக்கிழமை…"

"தெரியும் மிஸஸ் கொலோடி," என்றான் நார்பர்ட். முகம் காதுவரைக்கும் சிவந்துவிட்டது. "ஒண்ணும் சொல்ல வேண்டாம். எனக்கே வெட்கமா இருக்கு. இனிமே அப்படி நடக்காது."

"இல்ல தம்பி, அவருக்கு என்னன்னா…"

"அவருக்கு எவ்வளவு கஷ்டம்னு புரியுது. நான் பார்த்துக்கறேன்." அதற்கு மேல் அவனால் அங்கே நிற்க முடியவில்லை. ரோலை வாங்கிக்கொண்டு, மீதிச் சில்லறையைக்கூட எடுக்காமல் ஓடினான்.

கொலோடி வீட்டு வாசல் மணியை அடிக்கத் துணிவு வரவில்லை. பெட்டியின் மேல் ஒரு சீட்டு எழுதி ஒட்டினான். 'மதிப்புக்குரிய மிஸ்டர் கொலோடிக்கு, நடந்ததற்கு மன்னிக்கவும். வரும் ஞாயிறு முதல் எங்கள் சத்தம் உங்களுக்குத் துளிகூடக் கேட்காது. இது சத்தியம். நார்பர்ட்.' வாசலில் வைத்துவிட்டு நாரைகளுக்கு நடுவே குனிந்தபடி தப்பி வந்தான். மனது லேசாக இருந்தது. இரண்டு நாள் கம்பளம் விற்பதே சந்தோஷமாக இருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் அவன் வேலை முடிந்து வந்தபோது, அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் அதே பெட்டி இருந்தது. நூல்கூட அவிழ்க்கப்படவில்லை.

"கொலோடியே கொண்டுவந்து கொடுத்தாரு. ஒண்ணும் பேசலை. தலையை மட்டும் இப்படி ஆட்டுனாரு." அப்பா தலையை இடமும் வலமுமாக ஆட்டிக் காட்டினார். "நாப்பது வருஷமா இந்தத் தெருவுல இருக்கேன். கசகசா ரோலு திரும்பி வந்து நான் பார்த்ததில்லைடா."

"அப்பா, நான் என்ன பண்ணேன்னா…"

"நீ என்ன பண்ணியோ எனக்குத் தெரியாது. வர்ற ஞாயித்துக்கிழமை அவர் இன்னொரு தடவை சுவரைத் தட்டட்டும், கார் உள்ள வரும். நான் சாவியைக் கையில வெச்சுக்கிட்டு வெளிய உக்காந்திருப்பேன்."

வேறு எந்த ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும் நார்பர்ட் கெஞ்சி ஒரு வாரம் தள்ளிப் போட்டிருப்பான். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைதான் ஹேசல் வருவதாக இருந்தது. ஹேசல் ஆற்றங்கரைப் பக்கம் பார் நடத்துகிறவள். செவ்வாய்க்கிழமைகளில் அவள் பாரில் ஈ ஓட்டிக்கொண்டிருப்பாள். ஏதாவது ஒரு குழுவைப் பிடித்து மேடையில் ஏற்றலாம் என்று பார்த்தாள். ரோசி அவளிடம் மூன்று மாதமாகப் பேசி, ஒருமுறை வந்து கேளுங்கள், பிடிக்காவிட்டால் துரத்திவிடுங்கள் என்று சம்மதிக்க வைத்திருந்தாள். ஈர சிமென்ட்டுக்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் வாய்ப்பு அது. இரண்டாவது கிடைக்கும் என்று யாரும் நினைக்கவில்லை.

"சத்தமா வாசிச்சா கார் வரும்," என்றான் கில். "மெதுவா வாசிச்சா ஹேசல் போயிடுவாங்க."

"மெதுவா வாசிச்சாலும் கார் வரும்," என்றாள் ரோசி. "அந்த ஆளுக்கு மெதுவா வாசிச்சாத்தான் கோபமே."

"அதெப்படி?" என்றான் நார்பர்ட்.

"எனக்கென்ன தெரியும். எனக்குச் சிவப்புக் கோட்டு காத்துக்கிட்டிருக்கு."

யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஹேசல் பெரிய கோட்டோடும் அதைவிடப் பெரிய சளியோடும் வந்து சேர்ந்தாள். கராஜில் விருந்தாளிக்கென்று இருந்த ஒரே ஆசனம், பழைய கார் ஒன்றின் பின்சீட். அதில் அவளை உட்கார வைத்தார்கள். வெளியே அப்பா ப்யூக்கின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கிவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். பின்சுவருக்கு அந்தப் பக்கம் மடக்கு நாற்காலி விரிகிற சத்தம் கேட்டது.

"ஆரம்பிங்க," என்றாள் ஹேசல்.

நார்பர்ட் எழுதிக் கொடுத்த சத்தியத்தை மீறவில்லை. ரோசி காலுறை மாட்டிய குச்சிகளால் தலையணையைத் தடவினாள். கில் தன் ஒரே தந்தியை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தான். நார்பர்ட் மைக்கை மூடிவைத்துவிட்டு, உதட்டை மட்டும் அசைத்து, 'வேண்டாம்' என்று கிசுகிசுத்தான்.

ஹேசல் கொஞ்ச நேரம் பொறுத்தாள். மூக்கைச் சிந்தினாள். அது அந்தப் பாட்டைவிடச் சத்தமாக இருந்தது.

"ஏம்ப்பா," என்றாள் கடைசியில். "வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"இல்லீங்க, இது எங்க புது மாதிரி…"

"ரோசி, நீ என்னவோ இடி இடிக்கும், கூரை பறக்கும்னு சொன்னியேம்மா. இதைக் கேக்கவா எட்டு மைல் வந்தேன். என் பார்ல ஐஸ் உருகுற சத்தம் இதைவிடப் பெருசா கேக்கும்." அவள் எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட ஆரம்பித்தாள்.

அப்போது சுவரில் இடி விழுந்தது. டங், டங், டங். நிற்கவில்லை. கம்பளத் துண்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. வெளியே ப்யூக் உறுமியது. கராஜ் கதவு மேலே ஏறியது. இரண்டு முன்விளக்குகளும் நார்பர்ட்டின் முகத்துக்கு நேராக எரிந்தன.

"வெளிய வாங்க எல்லாரும்," என்றார் அப்பா ஜன்னல் வழியாக.

அதற்குள் சுத்தியல் சத்தம் நின்று, சரளைக்கல் மிதிபடும் சத்தம் வந்தது. காருக்குப் பக்கத்தில் மிஸ்டர் கொலோடி தோன்றினார். கண் இரண்டும் கோவைப்பழமாக இருந்தன. கையில் சுத்தியல் இருந்தது. பின்னால் மிஸஸ் கொலோடி அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே ஓடிவந்தாள்.

நார்பர்ட்டுக்குக் கண்ணீர் முட்டியது. அவன் மறைக்கவில்லை. பள்ளிக்கூடம் துரத்தியபோதுகூட அவனுக்கு இவ்வளவு வலிக்கவில்லை. அப்போதெல்லாம் அவர்கள் தங்கள் பாட்டைப் பாடித் துரத்தப்பட்டார்கள். இப்போது பாடாமலே துரத்தப்படுகிறார்கள்.

ரோசிக்கும் அதுவேதான் தோன்றியிருக்க வேண்டும். "போறதுதான் போறோம்," என்றாள். "காட்டிட்டுப் போவோம்." குனிந்து பீப்பாய்க்குள்ளிருந்து தலையணைகளைப் பிடுங்கி எறிந்தாள். ஒன்று ப்யூக்கின் கண்ணாடிமேல் போய் விழுந்தது. காலுறைகளைக் கழற்றிக் குச்சிகளைக் கையில் எடுத்தாள். பிறகு அடித்தாள்.

அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் இருந்தவர்கள் அந்த அடியை இன்றும் சொல்வார்கள். எதிர் வீட்டுக்காரர் கொதிகலன் வெடித்துவிட்டது என்று பாதாள அறைக்கு ஓடினார். கில் ஒலிபெருக்கியின் போர்வையை உருவிவிட்டுத் தந்தியை அறைந்தான். நார்பர்ட் மைக்கைத் திறந்து, மூன்று வாரமாக விழுங்கி வைத்திருந்த எல்லா 'வேண்டாம்'களையும் ஒரே மூச்சில் கக்கினான். நார்பர்ட்டின் அம்மா என்ன நினைத்தாளோ, வீட்டுக்குள்ளிருந்து வாக்குவம் கிளீனரைத் தானே தூக்கிக்கொண்டு வந்து சொருகிவிட்டுப் போனாள்.

மிஸ்டர் கொலோடி நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். ஓங்கிய சுத்தியல் மெல்ல இறங்கியது. பிறகு கையிலிருந்து நழுவிப் புல்லில் விழுந்தது. அவர் முகத்தில் இருந்த கடுகடுப்பு ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். ஹேசல் காலி செய்த சீட்டில், ரோசியின் பீப்பாய்க்கு எவ்வளவு பக்கமாக முடியுமோ அவ்வளவு பக்கமாக உட்கார்ந்தார். தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடினார். வாய் லேசாகத் திறந்துகொண்டது. அவ்வளவு சாந்தமான ஒரு முகத்தை நார்பர்ட் கோவிலில்கூடப் பார்த்ததில்லை.

பாட்டு முடிந்தது. அமைதியில் எல்லார் காதும் ரீங்கரித்தது.

கொலோடியின் புருவம் சுருங்கியது. கண்ணைத் திறக்காமலே அவர் கை சீட்டின்மேல் சுத்தியலைத் தேடியது. "நிறுத்தாதே," என்று முனகினார்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஈர சிமென்ட்டின் சரித்திரத்தில் யாரும் அவர்களிடம் சொல்லாத சொல் அது.

"இதுக்குத்தானா தட்டினாரு," என்றான் கில் மெதுவாக. "நாம சத்தத்தைக் குறைச்சோம்னுதானா?"

"அதனாலதான் ரோலைத் திருப்பிக் கொடுத்தாரு," என்றான் நார்பர்ட். "கேக்கவே கேக்காதுன்னு நான்தானே எழுதினேன்." அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கோடை முழுக்க அந்த நாற்காலியில் ஒரு ரசிகர் உட்கார்ந்திருந்திருக்கிறார். அது தெரியாமல் அவருக்கும் தங்களுக்கும் நடுவில் ஆரஞ்சுக் கம்பளத்தை ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறான்.

"அடிங்கடா," என்றாள் ரோசி. அடித்தார்கள். கொலோடியின் புருவம் மறுபடி விரிந்தது.

ஹேசல் போட்ட பொத்தான்களைக் கழற்றினாள். கொலோடிக்கு முன்னால் போய்க் குனிந்து அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு நிமிர்ந்து நார்பர்ட்டின் காதில் கத்தினாள். "இருபது வருஷமா பார் நடத்துறேன். எத்தனையோ பேரு வாசிச்சாங்க. ஒரு மனுஷன் இப்படி வாயைப் பிளந்து, உலகத்தையே மறந்து கேட்டு நான் பார்த்ததில்லை. செவ்வாய்க்கிழமை எல்லாம் உங்களுக்குத்தான். வரும்போது அவரையும் கூட்டிட்டு வாங்க. முன் வரிசையில உக்கார வைக்கணும்."

அப்பா காரை அணைத்துவிட்டு இறங்கி வந்தார். சீட்டில் சாய்ந்திருந்த கொலோடியை நீண்ட நேரம் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"கொலோடியே கேக்கிறாருன்னா," என்றார், "இதுல ஏதோ இருக்கு." அதற்குப் பிறகு போய்க் காரைப் பின்னால் எடுத்துத் தெருவில் நிறுத்தினார். அவர் அதைச் செய்ததைப் பார்த்ததும் நார்பர்ட்டுக்கு மறுபடி கண் கலங்கியது.

ரோசியும் கில்லும் விடாமல் முழங்கிக்கொண்டிருக்க, நார்பர்ட் கிடாரைக் கழற்றி வைத்துவிட்டு மிஸஸ் கொலோடியிடம் போனான். அவள் தன் தலைத்துணியை அவிழ்த்துக் கணவரின் கழுத்தைச் சுற்றிப் போர்த்திக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"என்னை மன்னிச்சிடுங்க மிஸஸ் கொலோடி," என்றான். "பேக்கரியில நீங்க சொல்ல வந்ததை நான் கேக்கவே இல்லை. இவ்வளவு பெரிய ரசனை இருக்கிற மனுஷர்னு எங்களுக்குத் தெரியாம போச்சு."

மிஸஸ் கொலோடி, கணவருக்குக் கேட்டுவிடுமோ என்ற கவலை கொஞ்சமும் இல்லாமல், பீப்பாய்க்கு மேலே குரலை உயர்த்திச் சொன்னாள்:

"ரசனையா? முப்பத்தொரு வருஷம் ஒரு நாள்கூட லீவு போடாம அவர் எதுக்கு ஆலைக்குப் போனாருன்னு நினைக்கிறே தம்பி? அந்த பிரஸ்ஸுக்குப் பக்கத்துல உக்காந்தாத்தான் அவருக்குத் தூக்கமே வரும்."